லம்துவன் அக்காவின் அலமாரிக் கால்கள்

எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக் குளியலறைக்குள்ளும் போய்வந்த ஒரே ஆள் லம்துவன் அக்காதான். திருடன்கூட அவ்வளவு உள்ளே போனதில்லை. சுகாதாரத் தொண்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் டார்ச்சோடு வாசலில் வந்து நிற்பார். குளித்துக்கொண்டிருப்பவர் துண்டோடு வெளியே வந்து நிற்க வேண்டும். அக்கா உள்ளே போய்த் தொட்டிக்குள் வெளிச்சம் அடித்துக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார். போகும்போது, "சோப்புப் பெட்டியையும் கழுவு" என்று கேட்காத யோசனை ஒன்றையும் சொல்லிவிட்டுப் போவார்.

சின்ன வயதில் பாங்காக்கில் ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் மட்டும் தைத்தவர். முழுச் சட்டை ஒன்றைக்கூட அங்கே தைத்ததில்லை என்று இப்போதும் குறைப்படுவார். ஊருக்குத் திரும்பி, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் உதோமைக் கட்டிக்கொண்டார். இரண்டு பெண்கள். இருவரும் ராயோங் பக்கம் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். சுகாதாரத் தொண்டராகச் சேர்ந்தது எதற்கு என்று கேட்டால், சேவை, தியாகம் என்றெல்லாம் சொல்ல மாட்டார். "பயிற்சிக்குப் போனா மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தாங்க. வறுத்த கோழி நல்லா இருந்துச்சு" என்பார். கோழிக்காகப் போனவருக்கு டார்ச் பிடித்துப்போய்விட்டது.

அவர் வீட்டு வாசல் கதவில் ஒரு தகடு உண்டு. பச்சை எழுத்தில், 'கொசுப்புழு இல்லாத முன்மாதிரி வீடு'. மாவட்டத்திலிருந்து கொடுத்தது. புத்தர் விசேஷ நாள்களில் சாமி படத்தைத் துடைக்கிற துணியாலேயே அதையும் துடைப்பார். அந்தத் தகடு இருப்பதால்தான் அடுத்தவர் குளியலறையில் நின்று அதட்ட முடிகிறது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சோதனை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். வியாழக்கிழமை சாயங்காலமே ஊர்த்தலைவர் புன்மாவின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துவிடும்: "நாளைக்கு லம்துவன் வராங்க." அக்காதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். அறிவிக்காமல் ஒருத்தர் வீட்டுக்குள் நுழைந்து அவர்கள் அழுக்கைப் பார்ப்பது என்ன மரியாதை? பார்த்தவருக்கும் சங்கடம், காட்டியவருக்கும் சங்கடம். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஊரே தொட்டிகளையும் ஜாடிகளையும் கவிழ்த்துக் கழுவும். சாக்கடையில் மழைக்காலம் போல வெள்ளம் ஓடும். மறுநாள் அக்கா வீடு வீடாகப் போய் ஒரு புழுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு வருவார். அப்படி எழுதி எழுதியே நொங் புவா கிராமத்துக்கு மாவட்ட அளவில் மூன்று பாராட்டுப் பதாகைகள் கிடைத்துவிட்டன. தலைவர் அவற்றை நெல் காயவைக்கும் களத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்.

போன வருஷ மழைக்காலத்தில் எட்டுப் பேருக்கு டெங்கு வந்தது. கோயில் எதிரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராத்ரியின் மகளுக்குத்தான் ரொம்ப மோசம். ஆஸ்பத்திரியில் மகளின் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து ராத்ரி ஒரு வாரம் படுத்திருந்தாள். மகள் பிழைத்து வீட்டுக்கு வந்ததும், லம்துவன் அக்கா ஒரு பை ஆரஞ்சோடு பார்க்கப் போனார். போனவர் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

"அந்தக் கொசு பகல்ல கடிக்கும். வீட்டை விட்டு ரொம்ப தூரம் போகாது. உன் வீட்டுலதான் எங்கேயோ புழு இருக்கு, ராத்ரி" என்றார்.

ராத்ரி ஆரஞ்சை எடைபோடுவது போலக் கையில் வைத்துப் பார்த்தாள். "ஏன்க்கா, போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தீங்கல்ல?"

"வந்தேன்."

"என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னுதான்."

"அதுக்கு முந்தின வெள்ளி?"

"அப்பவும் அதான்."

"அப்போ அது பக்கத்து ஊர்க் கொசு. இல்லைன்னா நீங்க எழுதினது பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் ராத்ரி. பிறகு, "ஆரஞ்சு எங்க வாங்கினீங்க? என் கடையிலயே இருக்கே" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கா அந்தக் கடைக்குப் போகவில்லை. பல்பொடி வாங்கக்கூடத் தார் ரோட்டுக் கடை வரைக்கும் போனார். ராத்ரி சொன்னதில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியாததுதான் அவருடைய கோபம். ஊருக்கும் ராத்ரியின் கணக்கே பிடித்திருந்தது. நம் வீட்டில் இல்லை, பக்கத்து ஊரிலிருந்து பறந்து வருகிறது என்பதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. வாயால் சொன்னால் இவர்கள் நம்பப் போவதில்லை, தங்கள் வீட்டுத் தண்ணீரில் நெளிவதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார்.

ஆகஸ்டில் அறிவியல் வாரம் வரும். டவுனில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேன் ஊர் ஊராகப் போகும். வேறு ஊர்களுக்கு நட்சத்திரம் காட்டும் கூடாரம், பலூன் ராக்கெட் எல்லாம் கொண்டுபோவார்கள். அக்கா ஒரு கூடைக் காளானோடு காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய், வேனுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் விபாதாவைப் பார்த்தார். மகள் வயதுப் பெண்.

"டீச்சர், ராக்கெட் எங்களுக்கு வேண்டாம். அதான் வருஷா வருஷம் மழை வேண்டி மூங்கில் ராக்கெட் விடுறோமே. அந்தப் பெருசாக் காட்டுற கருவியும் திரையும் மட்டும் கொண்டு வாங்க."

"மைக்ராஸ்கோப்பா? கொண்டு வரலாம் பெரியம்மா. ஆனா காட்டுறதுக்கு உங்க ஊர்த் தண்ணியே வேணும். நான் ஆய்வகத்துல வளர்த்த புழுவைக் கொண்டு வந்தா, 'இது டவுன் புழு'ன்னு சொல்லிடுவாங்க. மூணு ஊர்ல அப்படித்தான் சொன்னாங்க. வீட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வரச் சொல்லுங்க."

அக்காவுக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

தவறு எங்கே நடந்தது என்றால், அதை அறிவிக்கும் பொறுப்பு தலைவரிடம் போனதில். முந்தின நாள் காலை ஒலிபெருக்கி கரகரத்தது. "அன்பான நொங் புவா மக்களே! நாளைக்குப் பல்கலைக்கழகத்துல இருந்து படிச்சவங்க வராங்க. வீட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணி கோயில் மண்டபத்துக்குக் கொண்டு வரணும். வீட்டு நம்பர் எழுதி ஒட்டணும். பெரிய மெஷின்ல போட்டுப் பாப்பாங்க. நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்துங்க!"

அக்கா அப்போது பசையரிசி வேகவைத்துக்கொண்டிருந்தார். மானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டுத் தலைவர் வீட்டுக்கு ஓடினார். வழியெல்லாம் ஜாடி கவிழ்க்கும் சத்தம்.

"தலைவரே, என்ன இப்படிச் சொல்லிட்டீங்க? கழுவாம, இருக்கற தண்ணியை அப்படியே கொண்டு வரணும். மறுபடி சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"அழுக்குத் தண்ணியா இருந்தாலும் கொண்டு வாங்கன்னு."

தலைவர் ஒலிபெருக்கியின் மைக்கைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். "விருந்தாளி வர்ற அன்னைக்கு அழுக்குத் தண்ணி கொண்டு வாங்கன்னு ஊருக்கு நான் அறிவிக்கவா? என் வாயாலயா? லம்துவன், உனக்கு வெயில் ஏறிடுச்சு. வீட்டுக்குப் போய் மோர்… இல்ல, இளநீர் குடி" என்றார். மோர் எங்கள் ஊரில் கிடையாது. டவுன் மருத்துவமனையில் இந்தியப் பெண் ஒருத்தி ஒருமுறை கொடுத்ததைக் குடித்ததிலிருந்து தலைவருக்கு அதுதான் மருந்து.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் நீள மேசை நிறைய பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் பளிங்கு. சிலர் பாட்டிலையே எலுமிச்சை போட்டுத் தேய்த்திருந்தார்கள். ராத்ரி கடைப் பாட்டிலையே மூடி திறக்காமல் கொண்டு வந்து வைத்து, அதன் மேல் தன் வீட்டு நம்பரை ஒட்டியிருந்தாள்.

"இது உங்க வீட்டுத் தண்ணியாம்மா?" என்று விபாதா கேட்டாள்.

"என் வீடு கடைதானே டீச்சர். கடையில இருக்கறது என் வீட்டுத் தண்ணிதான்."

விளக்குகளை அணைத்து, வெள்ளைத்துணித் திரையைக் கட்டி, விபாதா ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். திரையில் வெள்ளை வட்டம் தெரிந்தது. அடுத்த பாட்டில். வெள்ளை வட்டம். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்திருந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் வெள்ளை வட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒருத்தர் முதுகில் ஒருத்தர் எழுத ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் மட்டும் ஒவ்வொரு வெள்ளை வட்டத்துக்கும் கை தட்டினார்கள். யார் வீட்டு வட்டம் வெள்ளையாக இருந்ததோ அவர்கள் லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்கள்.

"ரொம்ப சுத்தமான ஊர்" என்றாள் விபாதா. அவள் முகத்தில் பாராட்டு இல்லை. அக்காவிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வீடியோ போட்டுட்டுக் கிளம்பறேன் பெரியம்மா. அடுத்த வருஷம் பக்கத்து ஊர் கேட்டிருக்காங்க. வேன் ஒண்ணுதான் இருக்கு."

பின்னால் உட்கார்ந்திருந்த ராத்ரி சத்தமாகவே சொன்னாள்: "லம்துவன் அக்கா எழுதினது சரிதான். இப்போ பல்கலைக்கழகமே சொல்லிடுச்சு. கொசு பக்கத்து ஊர்ல இருந்துதான் வருது."

தலைவர் பதாகை பிடித்துப் படம் எடுக்க ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கோயில் பின்புறப் பழைய டயர்ப் பூந்தொட்டிகளைப் பார்த்தார். பிக்குகள் விடியற்காலையிலேயே கவிழ்த்திருந்தார்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைத் தொட்டியைப் பார்த்தார். பினாயில் வாசனை கண்ணை எரித்தது. இத்தனை வருஷமும் ஒரு புழு கண்ணில் பட்டால் ஊருக்கே கேட்கும்படி கத்தியவர், இப்போது ஒரே ஒரு புழு கிடைக்காதா என்று சந்து சந்தாக அலைந்தார்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வீட்டு ஜாடிகளில் இருக்காது. அவரே கழுவியவை. கொட்டகையில் உதோம் ஊஞ்சல் வலையில் படுத்துக்கொண்டு, பக்கத்துப் பலகையில் வரிசையாக இருந்த சாராயப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சண்டை மீன். ஒன்றையொன்று பார்த்துக் கடித்துவிடாமல் நடுவில் அட்டை செருகியிருக்கும்.

"என்ன கிழவி, அறிவியல் முடிஞ்சுதா?"

"புழு இல்லை, கிழவா. ஊர்ல எங்கேயும் ஒரு புழு இல்லை."

"அது நல்லதுதானே. பதாகை குடுப்பான்."

அக்கா ஓய்ந்துபோய்ப் பலகை ஓரத்தில் உட்கார்ந்தார். சிவப்பு மீன் ஒன்று துடுப்பை விரித்துக் கொழுகொழுவென்று திரும்பியது. அக்கா அதையே பார்த்தார்.

"இதுங்களுக்கு என்ன தீனி போடறே?"

"கடைத் தீனி."

"நம்ம வீட்டுல யாரும் ராத்ரி கடைக்கே போறதில்லையே. நீ எங்க வாங்கறே?"

உதோம் ஊஞ்சலை ஆட்டுவதை நிறுத்தினார். "சமையலறை அலமாரிக் காலுக்கடியில" என்றார்.

எறும்பு ஏறாமல் இருக்க, சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைப்பது எல்லார் வீட்டிலும் வழக்கம். அக்கா போய்த் தரையில் முட்டி போட்டு டார்ச் அடித்தார். நான்கு கிண்ணத்திலும் ஒரே நடனம். தலைகீழாகத் தொங்குவதும், உடம்பை மடக்கி விரித்து இறங்குவதும்.

"எத்தனை நாளா?" என்று அலமாரிக்கு அடியிலிருந்தே கேட்டார்.

"மீன் வாங்கினதுல இருந்து."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"வாசல்ல தகடு மாட்டியிருக்கியே, எப்படிச் சொல்ல? அதுவும் இல்லாம நான் தினமும் அள்ளிடறேன். முக்கால்வாசி அள்ளிடறேன்."

"மிச்சக் கால்வாசி?"

உதோம் கொட்டகைப் பக்கம் நழுவினார்.

அக்கா ஒரு ஜாம் பாட்டிலில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டார். போகும் வழியில் வாசல் கதவைத் திறந்தபோது தகட்டைப் பார்த்தாரா என்று தெரியாது. உதோம் பார்த்ததாகச் சொல்கிறார்.

மண்டபத்துக்கு வந்தபோது ஊரே பின் தாழ்வாரத்தில் அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மேசைப் பக்கம் யாரும் இல்லை. பாட்டில்கள் மட்டும் நின்றன. ராத்ரியின் மூடி திறக்காத பாட்டிலை விபாதா சோதனைக்காகத் திறந்து பாதி காலியாக்கி வைத்திருந்தாள். வீட்டு நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கரண்டித் தண்ணீர் போதும். ஊர் தன் கண்ணால் பார்த்துவிடும். பார்க்க வேண்டிய ஆளும் பார்த்துவிடுவாள். டெங்கு அவள் வீட்டுக்கும் வந்தது, புழுவும் அங்கே எங்கேயோ கட்டாயம் இருக்கும். அதனால் அது முழுப் பொய்கூட இல்லை.

அக்கா ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகினார். பிறகு அதையே மறுபடி இறுக்கினார். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து ஒரு தாளில் தன் வீட்டு நம்பரை எழுதினார். ஒட்டுவதற்குப் பசை இல்லை. மேசையோரம் சிந்திக்கிடந்த ஒரு பசையரிசிச் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு அணைந்தது. வீடியோவுக்குப் பதிலாகத் திரையில் ஒரு பூதம் வந்தது. ரோமம் ரோமமாகத் தலை, வளையம் வளையமாக உடம்பு, உள்ளே குடல் ஓடுவதுகூடத் தெரிந்தது. முன் வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு பின் வரிசையின் மேல் விழுந்தார்கள். பின் வரிசை அதைவிடச் சத்தமாக அலறியது.

"இந்த நுனியில இருக்கே, குழாய் மாதிரி, இதால தண்ணிக்கு மேல வந்து மூச்சு விடும்" என்று விபாதா ஆரம்பித்தாள். அவள் குரலில் முதல் முறையாக உற்சாகம் வந்திருந்தது. ஆனால் மூச்சுக்குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"யார் வீடு? யார் வீடு டீச்சர்?"

"அது முக்கியம் இல்லைங்க…"

"அதுதான் முக்கியம்!" என்று ஒரு கிழவர் எழுந்தே நின்றுவிட்டார்.

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "பக்கத்து ஊர்ல இருந்து யாராவது பாட்டில் வெச்சிருக்கலாம்…"

"என் வீடு" என்றார் லம்துவன் அக்கா.

யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"சமையலறை அலமாரிக் காலுக்கு அடியில. நாலு கிண்ணத்துலயும் இருக்கு. இத்தனை வருஷமும் நான் அங்க குனிஞ்சு பாக்கலை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். "முன்மாதிரி வீடு!" என்று ஒரு குரல் வந்தது. "என் சோப்புப் பெட்டியைக் கழுவச் சொன்னீங்களே அக்கா!" என்று இன்னொரு குரல் வந்தது. அக்கா டார்ச்சின் பொத்தானை அழுத்தி அழுத்தி, எரித்து அணைத்துக்கொண்டு நின்றார். மண்டபம் முழுக்க வெளிச்சம். டார்ச் எரிவதும் அணைவதும் யாருக்கும் தெரியவில்லை.

ராத்ரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் தன் கடைக்குள் போய்விட்டாள். ஜெயித்தவள் கடையைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தை ஏந்தி, தளும்பாமல், பிக்குகளுக்குச் சோறு கொண்டு வருவது போல நடந்து வந்தாள். மேசையில் வைத்தாள்.

"என் அலமாரிக் கால்" என்றாள். "இதுக்குப் பக்கத்துலதான் என் பொண்ணு மத்தியானம் படுத்துத் தூங்குவா." பிறகு அக்காவைப் பார்த்து, "உங்களோடதைவிடப் பெருசா இருக்கு, பாத்துக்குங்க" என்றாள்.

விபாதா அதைத் திரையில் போட்டாள். உண்மையிலேயே பெரிது.

அதற்குமேல் யாரையும் பிடித்து வைக்க முடியவில்லை. அலமாரிக் கால் இல்லாத வீடு எது? ஆளாளுக்கு ஓடினார்கள். கிண்ணம் கிண்ணமாக வந்தது. ஒருத்தர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். தலைவரின் மனைவி, தலைவர் கண்ணால் தடுப்பதைப் பார்க்காதவர் போல, தங்கள் வீட்டுச் சாமிப் பீடத்துப் பூ ஜாடியைக் கொண்டு வந்தார். அதில் கூட்டுப்புழுவே இருந்தது. கொசுவாகப் பறக்கத் தயாராக இருந்தது. அதற்கு மட்டும் தனியாகக் கைதட்டல் கிடைத்தது. கண்ணாடித் தட்டு தீர்ந்துபோய், விபாதா நூடுல்ஸ் கிண்ணங்களைக் கழுவி வாங்கிக்கொண்டாள். வேன் டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தும் அவள் போகவில்லை.

அந்த வாரம் மாவட்டத்துக்குப் போன கணக்கில் எங்கள் ஊர் கடைசி. களத்துச் சுவரிலிருந்த பதாகைகளை, வெயிலில் சாயம் போய்விட்டது என்று சொல்லித் தலைவர் எடுத்துவிட்டார். தகட்டை அக்காவே கழற்றினார். திருகாணி துருப்பிடித்திருந்ததால் உதோம்தான் எண்ணெய் விட்டுக் கொடுத்தார். கதவில் அந்த இடத்தில் மட்டும் பழைய பெயின்ட் புதிதாக இருக்கிறது.

இப்போது அக்கா முன்கூட்டி அறிவிப்பதில்லை. திடீரென்று வந்து நிற்கிறார். தகடு இல்லாதவரை யார் உள்ளே விடுவார்கள் என்று அவருக்கு முதலில் பயம் இருந்தது. விடுகிறார்கள். ஆனால் விடுவதற்கு முன்னால், வாசலில் கையை வைத்து மறித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள்.

"உங்க அலமாரிக் காலைப் பாத்துட்டு வந்தீங்களா அக்கா?"

"பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"உப்புத் தண்ணி."

உப்புப் போட்டால் புழு வளராது. அப்புறம்தான் வழி. சில நாள் "ரெண்டு புழு" என்றும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டுக்காரர்களும் உள்ளதைச் சொல்வார்கள்.

இந்த மழைக்காலத்திலும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. வரவே இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் வந்தது. ராத்ரி கடையில் அக்கா மறுபடி பல்பொடி வாங்குகிறார். ராத்ரி தன் வீட்டில் கண்டுபிடிக்கும் புழுக்களைச் சின்ன பிளாஸ்டிக் பையில் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி, "உதோம் மாமா மீனுக்கு" என்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். போன வாரப் பையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உதோம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதை எந்த மீனுக்குப் போடறது?" என்று கேட்டார். "பல்கலைக்கழகம் வந்ததுல இருந்து என் மீனெல்லாம் இளைச்சுப்போச்சு."

"கடைத் தீனி வாங்கு, கிழவா" என்றார் அக்கா, அலமாரிக்கு அடியிலிருந்து.